திருப்பிக் கொடுக்காத கல்லூரி

எங்கள் நாட்டில் கால்பந்து என்பது கையால் ஆடப்படுவது. பந்தைக் கையால் எறிந்து, கையை நீட்டி வாங்கி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள். பெயரில் இருக்கும் பொய்யைக் கொஞ்சமாவது குறைக்க ஒவ்வொரு அணியிலும் ஓரிருவருக்குக் காலால் வேலை கொடுத்திருப்பார்கள். நெப்ராஸ்காவில் எங்கள் வில்லோ ஃபோர்க் கல்லூரி அணியில் ஆட்டத்தைத் தொடங்கி வைக்கவும் கம்பங்களுக்கு நடுவே அடிக்கவும் இடதுகால்காரன் ஒருவன் இருந்தான். பன்ட் அடிக்க நான்.

பன்ட் என்றால் இதுதான். நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்தை நிற்கிற இடத்திலேயே எதிரணிக்கு விட்டுவிட வேண்டும். ஆகவே மூன்று முயற்சிகள் வீணானதும் புத்தியுள்ளவர்கள் நான்காவதில் பந்தை ஓங்கி உதைத்து மைதானத்தின் மறுகோடிக்கு அனுப்பிவிடுவார்கள். எப்படியும் போகப்போகிற பந்து, தூரமாய்ப் போய்த் தொலையட்டும் என்பது தத்துவம். தோல்வியை ஒழுங்காகப் பொட்டலம் கட்டி அனுப்பும் வேலை. எனக்குப் பொருத்தமான வேலை என்று என் அம்மாவே சொல்லியிருக்கிறாள்.

இந்த நிலையில், பருவம் தொடங்கச் சில வாரங்கள் இருக்கும்போது, எங்கள் பயிற்சியாளர் பயிர்க் காப்பீடு விற்கப் போய்விட்டார். கல்லூரித் தலைவி டாக்டர் மார்லிஸ் டிக்ஸ்ட்ரா புதிய ஆளை உடற்பயிற்சிக் கூடத்தில் கண்டுபிடித்தார். அவர் அங்கே குளிர்பான இயந்திரத்தில் புட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"உங்களை எங்கயோ பாத்திருக்கேனே" என்றார் தலைவி.

"நெடுஞ்சாலைல, மேடம். பன்றி இறைச்சி விளம்பரத்துக்கு மேல."

உண்மைதான். ரூடி ஸ்வபோடாவின் முகம் அந்தப் பலகையில் வெகுநாளாக இருந்தது. பனிச்சறுக்கு அரங்கின்மேல் செயற்கைப் புல்லை விரித்து ஆடும் உள்ளரங்குக் கால்பந்தில் அவர் குவார்ட்டர்பேக். அதாவது பந்தை எறிபவர், அணியின் மூளை. அரைவாசி நீளத்தில் மைதானம், சுற்றிலும் மெத்தை கட்டிய சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் கையில் பீர் வைத்துக்கொண்டு ரசிகர்கள். அவர் ஆடிய அணிகள் எல்லாம் ஒவ்வொன்றாகச் செத்துப்போயின. கடைசி அணியின் முதலாளி வெந்நீர்த் தொட்டி வியாபாரி. ஒருநாள் பயிற்சிக்குப் போனால் புல்லைக் காணோம், வெறும் பனிக்கட்டி. முதலாளி புல்லைச் சுருட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார். அணியினர் அன்று கொஞ்சநேரம் சறுக்கி விளையாடிவிட்டுக் கலைந்தார்கள். பலகையைக் கழற்ற ஆளில்லாததால் முகம் மட்டும் மிஞ்சியது. அதன் கீழ்ப்பாதியில் பன்றி இறைச்சிக்காரர்கள் ஒட்டிக்கொண்டார்கள்.

தலைவி அங்கேயே அவரை நியமித்தார். அலுவலகக் கதவில் 'ரூடி ஸ்வபோடா, பயிற்சியாளர்' என்று காகிதத்தில் அச்சிட்டு ஒட்டினார்கள். அதற்கு மேலே நாடா ஒட்டி 'இடைக்கால' என்று எழுதினார்கள்.

முதல்நாள் பயிற்சியில் அவர் ஒவ்வொருவரிடமும் வேலை கேட்டுக்கொண்டே வந்தார். அரங்கின் பனியில் பாதம் மரத்துப்போன பழக்கத்தால் ஆகஸ்ட் வெயிலிலும் இரண்டு ஜோடிக் காலுறை போட்டிருந்தார். என் முன்னால் வந்து நின்று, அழுக்கே படாத என் சட்டையைப் பார்த்தார்.

"வெள்ளச்சட்ட, நீ என்னடா பண்ற?"

"பன்டர், கோச்."

"சரி. என்ன பண்ணுவ?"

"நாலாவது முயற்சில பந்த உதைப்பேன் கோச்."

"எதுக்கு?"

இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. "அவங்களுக்குக் குடுக்க" என்றேன்.

அவர் என் பக்கத்தில் நின்ற முன்யோஸைப் பார்த்தார். முன்யோஸ் குனிந்து நின்று கால் இடுக்கு வழியாக எனக்குப் பந்தை அனுப்புகிறவன். மாட்டுக் கொட்டகைக் கதவு அளவு இருப்பான்.

"நெசந்தான் கோச்" என்றான் அவன். "நானும் இதுக்கு உடந்தை."

"நீங்க காலேஜ்ல வெளி மைதானத்துல தானே ஆடியிருப்பீங்க, கோச்? அப்ப பன்ட் அடிக்கலையா?" என்று கேட்டேன்.

"நாலாவதுன்னா நான் வெளிய வந்துருவேன். தலைல துண்டப் போட்டுக்கிட்டு உக்காந்து தண்ணி குடிப்பேன். நிமிந்து பாத்தா பந்து வேற எங்கயோ இருக்கும். எப்படிப் போச்சுன்னு நான் கேட்டதில்ல, யாரும் சொன்னதுமில்ல." சற்று யோசித்துவிட்டு, "உள்ள ஆடும்போது இந்தப் பேச்சே கெடையாது. மேல கூரை. கூரைல ஸ்கோர் பலகை தொங்கும். எவனாவது உதைச்சா அது ஜனங்க தலைல விழும்" என்றார்.

முதல் ஆட்டம் வந்தது. எங்கள் பாதியிலேயே மாட்டிக்கொண்டோம். மூன்று முயற்சிகள் போயின. நான் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினேன். பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தது ஒரு கை.

"எங்கடா போற?"

"நாலாவது, கோச்."

"தெரியும். நீ எங்க போற?"

நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். எங்கள் குவார்ட்டர்பேக் கண்ணை மூடிக்கொண்டு எறிந்த பந்து எதிரணிக்காரன் தலைக்கவசத்தில் பட்டு எங்கள் ஆள் மடியில் விழுந்தது. அவன் எழுந்து ஓடி எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்துவிட்டான். அன்று இதே மாதிரி இன்னும் பலமுறை நடந்தது, ஒவ்வொரு முறையும் இதைவிட வெட்கக்கேடான முறையில். ஜெயித்தோம். மைதானமே எழுந்து நின்றது. உள்ளூர் வானொலிக்காரன் ஒலிவாங்கியை நீட்டினான்.

"நாலாவதுல ஒரு தடவகூட நீங்க உதைக்கலையே கோச், இது என்ன தத்துவம்?"

ஸ்வபோடா உண்மையாகவே குழம்பினார். "அது நம்ம பந்து. நம்ம பந்த எதுக்கு அவங்ககிட்ட குடுக்கணும்?" என்றார். பிறகு பழக்க தோஷத்தில், "இந்த வெற்றிய உங்களுக்கு வழங்கியவங்க டெக்கர் கார்பெட் கடை" என்று முடித்தார். உள்ளரங்கில் ஒவ்வொரு பத்து கெஜத்துக்கும் ஒரு விளம்பரதாரர் உண்டு. அந்த வாய் இன்னும் அடங்கவில்லை. அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் ஜெபம் சொல்லச் சொன்னபோதும் ஆமெனுக்கு அப்புறம் கார்பெட் கடை வரை போய்விட்டுத்தான் நின்றார். டெக்கர் குடும்பம் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்ததால் யாரும் தவறாக நினைக்கவில்லை.

ஆனால் 'நம்ம பந்து' தலைவியின் காதில் விழுந்துவிட்டது. அவர் கல்லூரித் தலைவி ஆவதற்கு முன் ஒரு தயிர்க் கம்பெனியின் விளம்பரப் பிரிவில் இருந்தவர். ஒரு வாரத்துக்குள் ஊர் தண்ணீர்த் தொட்டியில் ஆளுயர எழுத்தில் எழுதிவிட்டார்கள்: 'வில்லோ ஃபோர்க் கல்லூரி. நம்ம பந்து. திருப்பிக் கொடுப்பதில்லை.' சேர்க்கைப் பிரசுரத்தில் அதுவே அட்டை. தத்துவத் துறை 'சரணடையாமையின் அறவியல்' என்று ஒரு பாடம் தொடங்கியது. அதில் எங்கள் அணி முழுவதும் சேர்ந்தது. தேவாலயத்தில் போதகர், ஆபிரகாம் மலையேறியது நான்காவது முயற்சி என்று ஆதாரத்துடன் நிறுவினார்.

மாணவர்கள் வாசகத்தை இன்னும் ஆழமாக எடுத்துக்கொண்டார்கள். நூலகத்துக்குப் புத்தகங்கள் திரும்பி வரவில்லை. சாப்பாட்டுக் கூடத்துக்குத் தட்டுகள் வரவில்லை. மிளகாய் சூப்பும் இலவங்கப்பட்டை ரோலும் போடும் வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் கையிலேயே பரிமாற வேண்டி வந்தது. நூலகர் அம்மா தலைவியிடம் முறையிட்டார். "இது மாணவர்களின் ஈடுபாட்டைக் காட்டுகிறது" என்று பதில் வந்தது. எழுத்தில் வந்த அந்தப் பதிலையும் அவர் திருப்பிக் கொடுக்கவில்லை.

பிறகு தோற்க ஆரம்பித்தோம். காரணம் எளிது. நான்காவது முயற்சியில் நாங்கள் என்ன செய்வோம் என்று தண்ணீர்த் தொட்டியிலேயே எழுதியிருந்தது. மற்ற கல்லூரிகளுக்கும் படிக்கத் தெரிந்தது. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் சேர்க்கை விண்ணப்பங்கள் கூடின. தோற்றாலும் விட்டுக்கொடுக்காத பிள்ளைகள் என்று பெற்றோர் கண் கலங்கினார்கள்.

கடைசி ஆட்டம் புனித ஆல்ட்ரிக் கல்லூரியோடு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கத்தோலிக்கர்கள். எங்களுக்கு அவர்கள் பரம்பரை எதிரிகள். தலைவி ஸ்வபோடாவை அழைத்து, ஆல்ட்ரிக்கை ஜெயித்தால் கதவிலுள்ள காகிதத்தை எடுத்துவிட்டுப் பெயரை வண்ணத்திலேயே எழுதிவிடலாம் என்றார். தோற்றால், குளிர்பான நிறுவனம் அவரை இன்னும் அன்போடுதான் நினைத்துக்கொண்டிருக்கிறது என்பதையும் நினைவூட்டினார்.

அந்த வாரம் ஒரு பிற்பகல். எல்லோரும் போனபின் நான் மைதானத்தில் தனியாக உதைத்துக்கொண்டிருந்தேன். ஆட்டத்தில் நிறைவேறாத ஆசையை இப்படித் தீர்த்துக்கொள்வது வழக்கம். முன்யோஸ் புல்லில் படுத்து, பந்து போகும்போதெல்லாம் "ஐயோ, நம்ம பந்து" என்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தான். எப்போது வந்தார் என்று தெரியவில்லை, கோச் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் தலை மெல்ல நிமிர்ந்து, இன்னும் நிமிர்ந்து, தொப்பி கீழே விழுந்தது.

"எங்கடா போகுது?"

"மேல, கோச்."

"கூரை?"

"இல்ல, கோச்."

பந்து இறங்கி, தூரத்தில் விழுந்து உருண்டது. அவர் தொப்பியை எடுக்கவில்லை.

"இன்னொண்ணு."

உதைத்தேன்.

"இன்னொண்ணு."

என் முட்டி வலிக்கும் வரை கேட்டார். பிறகு பந்து கிடந்த இடத்தையும் நாங்கள் நிற்கும் இடத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பந்து அவங்ககிட்டதான் போகுது."

"ஆமா கோச்."

"ஆனா அங்க போகுது."

"ஆமா கோச்."

"அங்கேந்து அவனுங்க இவ்வளவு தூரம் நடந்து வரணும்."

"அதான் கோச் விஷயமே."

"இத ஏன்டா யாரும் எங்கிட்ட சொல்லல?"

"எல்லாரும் சொன்னாங்க கோச்" என்றான் முன்யோஸ் படுத்தபடியே. "வாராவாரம் சொன்னோம்."

"தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்திருப்பேன்."

குனிந்து ஒரு கொத்துப் புல்லைப் பிடித்து இழுத்தார். அது வரவில்லை. வேர் பிடித்த புல்.

"வந்த முதல் நாளே இழுத்துப் பாத்தேன்" என்றார். "நான் ஆடின எல்லா எடத்துலயும் புல்லச் சுருட்டிட்டுப் போயிட்டானுங்க, தம்பி. இது தரையோட ஒட்டியிருக்கு. இங்கயே இருந்துரணும்னு தோணுது. வேற ஒண்ணுமில்ல."

மறுநாள் கோச்சையும் என்னையும் தலைவி தன் அறைக்கு அழைத்தார். ஆட்டத்துக்கு முன் ஒரு விழா. உடற்பயிற்சிக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டி ஒன்றில் என் வலதுகால் ஷூவை வைக்கப்போகிறார்கள். பித்தளைத் தகட்டில் 'வில்லோ ஃபோர்க்கின் கடைசி பன்டர்' என்று பொறித்தாயிற்று.

"உன்னை நாங்க நீக்கல, நெல்ஸ்" என்றார் தலைவி. "கௌரவிக்கிறோம்."

"எப்பலேருந்து, டாக்டர்?"

"சனிக்கிழமை காலைலேருந்து."

"டாக்டர்" என்று கோச் தொண்டையைச் செருமினார். "சனிக்கிழமை ஒருவேளை உதைக்க வேண்டி வந்தா?"

தலைவி சிரித்தார். கோச் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்.

"ரூடி, டெக்கர் குடும்பம் புது மைதானத்துக்குப் பணம் குடுத்துப் பேரு வெக்கப் போறாங்க. என்ன பேரு தெரியுமா? 'நம்ம பந்து' மைதானம்."

"ஆனா ஜெயிக்கணும்னு சொன்னீங்க."

"ஜெயிக்கணும். உதைக்கக் கூடாது."

"ரெண்டுல ஒண்ணுதான் முடியும்னா?"

"அப்படி ஒரு நிலைமையே வராம நீங்க பாத்துக்குவீங்க. அதுக்குப் பேருதான் தலைமை."

சனிக்கிழமை காலை இசைக்குழு வாசிக்க என் ஷூ கண்ணாடிக்குள் போனது. தலைவி பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். போதகர் ஆசீர்வதித்தார். நான் இடதுகாலில் ஷூவும் வலதுகாலில் விடுதிக் குளியலறைச் செருப்புமாக மைதானத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே போகப்போவதில்லை, எதற்கு மெனக்கெட வேண்டும்?

அன்று பையன்கள் எப்படியோ நன்றாக ஆடினார்கள். ஆட்டம் முடியச் சற்றுநேரம் இருக்கும்போது நான்கு புள்ளி முன்னால் இருந்தோம். பந்தும் எங்களிடம். ஆனால் எங்கள் கோட்டுக்கு வெகு அருகில், முதுகு சுவரில் பட்டமாதிரி. மூன்று முயற்சிகளில் ஓரடி நகரவில்லை.

நான்காவது.

உதைக்காமல் ஆடித் தவறினால் பந்து ஆல்ட்ரிக்காரர்களுக்கு இங்கேயே போகும். இங்கிருந்து அவர்கள் தவழ்ந்தே கோடு தாண்டலாம். அரங்கம் முழுக்க எழுந்து நின்று "நம்ம பந்து, நம்ம பந்து" என்று தரையை மிதித்தது. மேல்வரிசையில் தலைவி டெக்கர் குடும்பத்துக்கு நடுவே கைதட்டிக்கொண்டிருந்தார்.

கோச் தண்ணீர்ப் புட்டியை எடுத்தார். பார்த்தார். குடிக்காமல் கீழே வைத்தார்.

"வெள்ளச்சட்ட."

"கோச்?"

"போடா."

"ஷூ இல்ல, கோச்."

என் செருப்பைப் பார்த்தார். முன்யோஸ் தன் காலைத் தூக்கிக் காட்டினான். "என்னோடத போட்டுக்க."

"உன் ஷூவுல நான் குடித்தனம் பண்ணலாம்டா" என்றேன்.

கோச் அதற்குள் குனிந்து தன் வலது ஷூவின் நாடாவை அவிழ்த்துவிட்டார். உள்ளரங்கு ஷூ, அடியில் முள் எதுவும் கிடையாது, வழுக்கிவிடும் சாதி. அளவு மட்டும் அச்சாகப் பொருந்தியது. நான் உள்ளே ஓடியபோது கூச்சல் ஒரு கணம் இன்னும் பெரிதாகியது. ஏதோ தந்திரம் என்று நினைத்தார்கள். ஆல்ட்ரிக்காரர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். எங்கள் ஆட்டங்களையெல்லாம் படம் போட்டுப் பார்த்தவர்கள் ஆதலால் பதினொரு பேரும் முன்னாலேயே குவிந்து நின்றார்கள். பின்னால் பந்தை வாங்க ஒரு ஆத்மா இல்லை.

முன்யோஸ் குனிந்தான். "வாழ்க்கைல ஒரே தடவ அடிக்கப் போற. வழுக்கி விழுந்த, உன்ன நானே கொன்னுருவேன்" என்றான் கால் இடுக்கு வழியாக.

பந்து வந்தது. உதைத்தேன். வழுக்கிக் குப்புற விழுந்தேன். ஆனால் உதைத்த பிறகுதான்.

சேற்றிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தபோது பந்து இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. மைதானம் முழுக்க வாய் மூடியிருந்தது. ஓரத்தில் கோச் ஒரு காலில் ஷூவும் மறுகாலில் இரட்டைக் காலுறையுமாக நவம்பர் ஈரப்புல்லில் நின்று, வாயைத் திறந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே கூரை இல்லை, சுவர் இல்லை, விளம்பரதாரர் யாருமில்லை. பந்து ஆளில்லாத பாதியில் விழுந்து, உருண்டு, யோசித்து, மறுபடி உருண்டு, அவர்கள் கோட்டருகே போய்ப் படுத்தது.

ஆல்ட்ரிக்காரர்கள் அங்கிருந்து நடக்க ஆரம்பித்தார்கள். பாதி வழியில் நேரம் முடிந்துவிட்டது.

ஜெயித்தோம். யாரும் கைதட்டவில்லை. இசைக்குழுவில் ஒரு டிரம்காரன் மட்டும் பழக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, சுற்றிப் பார்த்து, குச்சியை உள்ளே வைத்தான். மேல்வரிசையில் டெக்கர் குடும்பம் கோட்டுகளை மாட்டிக்கொண்டிருந்தது. வெளியே போகும் ஒருவர் தன் மகனிடம், "பாத்தியா, குடுத்துட்டாங்க" என்று சொன்னது எனக்குக் கேட்டது. முதல்முறையாக என் சட்டை அழுக்காகியிருந்தது. அதைக் காட்ட ஒருவரும் கிடைக்கவில்லை.

திங்களன்று கல்லூரி அறிக்கை வெளியிட்டது. வெற்றியை மனமார வரவேற்பதாகவும், ஆனால் விழுமியங்களே முக்கியம் என்றும், திரு. ஸ்வபோடாவின் அடுத்த முயற்சிகளுக்கு வாழ்த்துகள் என்றும் இருந்தது. எத்தனையாவது முயற்சி என்று இல்லை. கதவிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். நாடாவை மட்டும் விட்டுவிட்டார்கள். அந்த அறை இன்றும் 'இடைக்கால' என்றுதான் இருக்கிறது. உள்ளே ஆளில்லை.

நான் கல்லூரிப் பத்திரிகையில் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். ஆசிரியர் குழு அதை வெளியிடவில்லை. திருப்பியும் கொடுக்கவில்லை.

புனித ஆல்ட்ரிக் கல்லூரி வேறுமாதிரி யோசித்தது. பன்ட்டைப் பற்றி இவ்வளவு புதிதாகச் சிந்திக்கும் மனிதரை அவர்களுடைய பயிற்சியாளர் பார்த்ததே இல்லையாம். கோச்சைக் கூப்பிட்டு உதைப்புப் பிரிவுக்குப் போட்டுவிட்டார்கள். நிரந்தரம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கதவில் பெயரை வண்ணத்தில் எழுதியிருக்கிறார்களாம். "விரலால சுரண்டிப் பாத்தேன், வரல" என்று தொலைபேசியில் சொன்னார்.

"அங்க புல்லு எப்படி கோச்?"

"இழுத்துப் பாத்தேன். நல்லா புடிச்சிருக்கு." பிறகு, "வெள்ளச்சட்ட, என் ஷூ உங்கிட்ட இருக்குல்ல? ஒத்த ஷூவோட பசங்க முன்னாடி நிக்கிறேன்டா. அனுப்பி வையி" என்றார்.

"எங்க காலேஜ்ல எதையும் திருப்பிக் குடுக்கிற வழக்கம் இல்ல, கோச்."



"அப்ப உதைச்சு அனுப்பு" என்றார். "நான் வெளிய வந்து மேல பாத்துக்கிட்டு நிக்கிறேன்."